கல்லில் எழுந்த பெயர்: சீனர் முத்திரைக் கலையும் நம்மவர் பொறிகளும்

வலப்பனையிலிருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலாச் செல்லும் நம் மாணவர், தேசிய நூதனசாலையிலே கண்டியரசரின் முடியையும் அரியணையையும் கண்டு வியப்பர். அதே நூதனசாலையில் ஒரு கற்பலகையும் உண்டு. அதன்முன் நின்று பார்ப்போர் மிகச் சிலரே. ஏறத்தாழ நாலேமுக்கால் அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அப்பலகையின் உச்சியை வளைவாகச் செதுக்கி, இரு பறவைநாகங்களை எதிரெதிராக அமைத்திருக்கின்றனர். அவற்றின் கீழே மூன்று மொழிகள் உள்ளன. வலப்புறத்திலே மேலிருந்து கீழாக இறங்கும் சீன எழுத்து. இடப்புறத்தின் மேற்பாகத்திலே தமிழ். அதற்குக் கீழே, பெரிதும் தேய்ந்துபோன பாரசீகம்.

1911 ஆம் ஆண்டிலே காலி நகரில் இக்கல் கண்டெடுக்கப்பட்டது. அதுவரை அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. அதன் மீது நடந்து சென்றோர் எத்தனை பேரோ! சீனத்துப் பேரரசர் யுங்லோவின் ஆணைப்படி, கடற்படைத் தலைவர் செங் ஹே இந்நாட்டிலே நாட்டுவித்த கல் அது. அதிற் குறித்த நாள் கி. பி. 1409 பெப்ரவரி 15 ஆம் தேதிக்கு ஒத்தது. சீனப் பகுதி புத்தபெருமானைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதியோ தென்னிலங்கைத் துறையிலே கோயில்கொண்டிருந்த திருமாலாகிய தேனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பொன் 1000, வெள்ளி 5000, பல நிறப் பட்டு 50, நறுநெய் 2500 கட்டி எனக் காணிக்கைகளின் பட்டியல் நீள்கின்றது. தேனாவரைக் கோயில் 1588 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. நாயனாருக்கு வந்த காணிக்கையை உரைக்கும் கல் மட்டும் எஞ்சியது. காணிக்கை கொணர்ந்த அதே கடற்படைதான் 1411 ஆம் ஆண்டளவில் இந்நாட்டுத் தலைவனொருவனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் அரசியலை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று.

நாம் நோக்கப் புகுந்தது அக்கல்லின் எழுத்தை. அக்கல் சீனத்திலேயே வெட்டப்பட்டு, மரக்கலத்தில் ஏற்றிக் கொணரப்பட்டது என்பர் அறிஞர். அங்ஙனமாயின், அறுநூறாண்டுகளுக்கு முன் சீனநாட்டுக் கல்தச்சர் கூடத்திலே 'அ'வும் 'ழ'வும் வெட்டப்பட்டிருத்தல் வேண்டும். சீனத்திலே தமிழ் எழுத்துக் கல்லேறியது அதுவே முதன்முறையுமன்று. சீனக் கீழ்க்கரையிலுள்ள குவான்சோ துறைமுகத்தில், சகம் 1203 சித்திரையில், அஃதாவது கி. பி. 1281 இல், ஒரு தமிழர் சிவபெருமானை எழுந்தருளச் செய்து, குப்லாய்க் கானின் நலத்துக்காக அதனைச் செய்ததாகத் தமிழிற் கல்வெட்டொன்று வெட்டுவித்தார். அதன் இறுதியில் ஒரு வரி சீன எழுத்தில் அமைந்திருக்கின்றது. இருநாட்டு எழுத்தும் ஒரே கல்லில் உறவாடிய சான்றுகள் இவை. எனவே, எழுத்தைக் கல்லில் வெட்டுவதையே ஒரு நுண்கலையாக உயர்த்திய சீனரின் முறையை அறிவது நமக்கு அயலார் செய்தியை அறிவதாகாது.

சீனரிடத்தில் ஓவியத்துக்கு ஒப்பாகவோ, அதனினும் மேலாகவோ மதிக்கப்படுவது எழுத்தணிக்கலை. தூரிகை, மைக்கட்டி, தாள், மையுரைக்கும் கல் என்னும் நான்கையும் அவர்கள் கல்வியறையின் நான்கு செல்வங்கள் என்பர். மையைக் கட்டியாக வைத்து, நீர் விட்டுக் கல்லில் உரைத்தே எழுதுவர். உரைக்கும் நேரத்தில் மனம் அடங்கும் என்பது அவர்கள் அனுபவம். நம்மவர் சந்தனம் அரைப்பதை இதனோடு ஒப்பிடலாம். தூரிகை செங்குத்தாக நிற்கும். அழுத்தினாற் கோடு பருக்கும், தூக்கினால் மெலியும், விரைந்தால் மை வறண்டு தாளின் வெண்மை இடையிடையே தெரியும். எழுதியதன்மேல் மீண்டும் தீட்டித் திருத்துதல் குற்றம். ஆகவே, ஒரு கோட்டைப் பார்த்தாலே அதை எழுதிய கை தயங்கியதா, துணிந்ததா என்பது வெளிப்பட்டுவிடும். வாங் சீச்சி என்னும் பெரியார் கி. பி. 353 இல் நண்பர் கூட்டமொன்றின்போது எழுதிய முன்னுரையைச் சீனர் தம் எழுத்தணிக்குச் சிகரமாகக் கொள்வர். அதில் இருபது தடவை அளவில் வரும் ஒரே எழுத்தை அவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக எழுதினார். மூல ஏடு மறைந்துவிட்டது. படியெடுத்தவையும், கல்லில் வெட்டி மைப்படி எடுத்தவையுமே வழிவழி மாணவருக்குச் சட்டமாயின. தூரிகை எழுத்தும் கல்லின் துணையாலேயே நிலைத்தது என்க.

தமிழிலே இத்தகைய தூரிகைக் கலை ஏன் வளரவில்லை என்று சிலர் வினவுவர். விடை கருவியிலே கிடக்கின்றது. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியாற் கீறினர். ஆணி கீறும் கோட்டிலே பருமையும் மென்மையும் மாறி வாரா. நேர்கோட்டை அழுத்திக் கீறினால் ஓலை நார்வழி கிழியும். ஆதலால் எழுத்து வளைந்து சுழித்தது. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆதலால் ஓலைச்சுவடிகளிற் புள்ளியையே பெரும்பாலும் விட்டனர். கீறி முடித்தபின் மை தடவியே எழுத்தைத் தெளிவாக்கினர். அப்படியானால், தமிழர் எழுதுகோல் தூரிகையினத்தைச் சேர்ந்ததன்று. அது உளியினத்தைச் சேர்ந்தது. சீனத்து எழுத்தணிக்கு நம்மிடம் நிகர் தேடுவதிலும், சீனத்து முத்திரை வெட்டுக்கு நிகர் தேடுவதே பொருந்தும் என்று நாம் கருதுவது இதனால்தான்.

இனி முத்திரைக்கு வருவோம். கி. மு. 221 இல் சீனத்தை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த சின் ஷி ஹுவாங் என்னும் பேரரசன், நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த எழுத்தை ஒருமைப்படுத்தினான். அவன் அமைச்சனாகிய லி ஸூ வகுத்த வடிவம் 'சிறு முத்திரை எழுத்து' எனப் பெயர் பெற்றது. கோடுகள் எங்கும் ஒரே பருமன்; மூலைகள் வளைவு; உருவம் நெடியது. அன்றாட வழக்கிலிருந்து அவ்வெழுத்து விரைவில் நீங்கிற்று. இன்று கற்ற சீனரும் அதைத் தடையின்றிப் படித்தல் அரிது. ஆயினும் முத்திரைகளில் மட்டும் ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக அது வாழ்கின்றது. நம் கல்வெட்டிற் பயிலும் வட்டெழுத்தை ஒருவர் இன்றும் தம் பெயர்ப்பொறியில் வைத்திருப்பாரானால் எப்படியோ, அப்படி.

அக்காலத்து முத்திரை அதிகாரத்தின் அடையாளம். பேரரசனின் முத்திரைக்குத் தனிப்பெயர். மற்றோர் முத்திரைக்கு வேறு பெயர். அதிகாரிகள் வெண்கல முத்திரையைப் பட்டுக் கயிற்றிற் கோத்து இடையிலே அணிந்தனர். கடிதங்கள் மூங்கிற் சலாகைகளில் எழுதப்பட்டன. சலாகைகளைக் கயிற்றாற் கட்டி, முடிச்சின் மேற் களிமண் அப்பி, அம்மண்ணின்மீது முத்திரையை அழுத்தினர். மண் உடைந்திருந்தால் இடையில் யாரோ கட்டை அவிழ்த்துவிட்டனர் என்பது புலப்படும். அக்காலத்து முத்திரைகளில் எழுத்துப் பெரும்பாலும் குழிவாக வெட்டப்பட்டிருந்தது. ஏன்? குழிந்த எழுத்தே மண்ணிற் புடைத்து நிற்கும். பிற்காலத்திலே தாள் பரவிற்று. மண்ணுக்குப் பதில் செம்மை வந்தது. குழிந்த எழுத்தைச் செம்மையில் தோய்த்துத் தாளிற் பதித்தால், எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் சிவப்பாகவும் விழும். ஆதலால் எழுத்தைப் புடைப்பாக நிறுத்திச் சுற்றுப்புறத்தை அகழ்ந்தெடுக்கும் வழக்கம் அரசாங்க முத்திரைகளில் ஓங்கியது. இன்றும் முத்திரைக் கலைஞர் இவ்விரண்டையும் 'வெள்ளெழுத்து', 'செவ்வெழுத்து' எனப் பிரித்து, ஒரே முத்திரையில் ஒரு பாதி அதுவும் ஒரு பாதி இதுவுமாகக்கூட வெட்டி மகிழ்வர்.

அதுகாறும் முத்திரை வெட்டியவன் கைவினைஞன், பெயரறியாத் தொழிலாளி. வெண்கலத்தை வார்த்தோ, கடினமான பச்சைக்கல்லை அராவியோ செய்யும் வேலை அது. எழுதுவோன் வேறு, வெட்டுவோன் வேறு. இந்நிலையை மாற்றியது ஒரு மெல்லிய கல். வாங் மியன் என்னும் ஓவியர் 14 ஆம் நூற்றாண்டிலே மென்கல்லிற் தாமே முத்திரை வெட்டினார் என்பர். 16 ஆம் நூற்றாண்டில் வென் பெங் என்னும் கற்றோர், சீனத்தின் கிழக்கிலுள்ள சிங்தியன் மலைக்கல்லை இதற்கெனக் கையாண்டு வழிகாட்டினார். நம் நாட்டு மாக்கல்லைப் போலக் கத்திக்கு இணங்கும் கல் அது. அன்றுதொட்டு எழுதும் கையே வெட்டும் கையாயிற்று. கற்றோர் தம் பெயர், தம் புனைபெயர், தம் இல்லத்தின் பெயர், தமக்குப் பிடித்த ஒரு தொடர் ஆகியவற்றையெல்லாம் தாமே வெட்டி, தம் ஓவியத்தின் மூலையிற் பதித்தனர். கறுப்பு மையால் வரைந்த மலையும் நீரும் நிறைந்த தாளிலே, அச்சிறு சிவப்புச் சதுரம் நெற்றித் திலகம்போல நிற்கும். அதை எவ்விடத்தில் வைப்பது என்பதும் ஒரு கலை. இடம் தவறினால் ஓவியமே சாய்ந்துவிடும். ஓவியத்தை வாங்கியவரும் தம் முத்திரையைப் பதிப்பது வழக்கம். சியன்லோங் என்னும் 18 ஆம் நூற்றாண்டுப் பேரரசர் இதில் அளவு கடந்தார். பழம்பெரும் ஓவியங்களின் வெற்றிடங்களிலெல்லாம் அவர் முத்திரைகளைக் காணும்போது, சுவரெங்கும் பெயரெழுதும் சிறுவரை நினைவுகூராதிருக்க இயலவில்லை.

வெட்டும் முறையைச் சற்று விரித்துரைப்போம். முதலிற் கல்லின் முகத்தைத் தேய்தாளில் வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்துவர். பின்னர் வடிவத்தைத் தாளிலே தூரிகையால் வரைவர். விரலகலச் சதுரத்தில் இரண்டோ நான்கோ எழுத்துகளை அமைப்பதுதான் எல்லாவற்றிலும் அரிய வேலை. ஓர் எழுத்தில் மூன்றே கோடுகள் இருக்கும். அடுத்ததில் இருபது இருக்கும். அவற்றைச் சமமாகப் பரப்புவது எளிய வழி. ஆனால் அழகற்ற வழி. நெருக்கமானதை மேலும் நெருக்கி, வெறுமையானதை மேலும் வெறுமையாக விடுவதே வல்லோர் செயல். வெட்டிய கோட்டுக்கு உள்ள மதிப்பு வெட்டாது விட்ட இடத்துக்கும் உண்டு.

வரைந்த தாளைக் கல்லின்மீது கவிழ்த்து, ஈரம் ஒற்றி அழுத்தினால், மை தலைகீழாகக் கல்லில் ஏறும். வல்லோர் சிலர் தாளின்றிக் கல்லிலேயே திருப்பி எழுதி, கண்ணாடியிற் காட்டிச் சரிபார்ப்பர். பின்னர் மரப்பிடியிற் கல்லை இறுக்கி உளியை எடுப்பர். உளி பட்டையான எஃகு; நுனி இருபுறமும் சரிவாகத் தீட்டப்பட்டது. வெட்டு இருவகைப்படும். உளியைத் தொடர்ந்து தள்ளி ஒரே ஓட்டமாக வெட்டுவது ஒன்று. அதில் கோடு வேகமாகவும் கூர்மையாகவும் விழும். நுனியைச் சிறிது சிறிதாக ஊன்றி ஊன்றி நகர்த்துவது மற்றொன்று. அதில் கோடு நடுக்கமுற்றதுபோலத் தோன்றி, பழங்கல்லின் தேய்வை நினைவூட்டும். ஹாங்சோ நகரத்துத் திங் சிங் (1695-1765) பின்னதை ஒரு மரபாகவே நிலைநாட்டினார். அதே நூற்றாண்டில் தெங் ஷிரு (1743-1805), தூரிகையின் நெளிவு கத்தியிலும் இயங்கவேண்டும் எனக் காட்டினார். சாணம் பிடித்த வைரம்போலக் குறையற்ற விளிம்பைச் சீனர் விரும்புவதில்லை. வெட்டி முடித்தபின், உளியின் அடிப்பாகத்தால் ஓரத்தைத் தட்டி வேண்டுமென்றே சிதைப்பதும் உண்டு. முதற் பார்வையில் இது நமக்கு வியப்பாயிருக்கும். ஆனால், மழையும் வெயிலும் தின்ற பழங்கல்வெட்டின் முன் நின்றவர்க்கு இதன் சுவை விளங்கும்.

பதிக்கும் செம்மை நம் சித்த வைத்தியர் நன்கறிந்த சாதிலிங்கமே. அதனை நுண்பொடியாக்கி, ஆமணக்கெண்ணெயிற் குழைத்து, மாசிபத்திரி இனத்துச் செடியின் பஞ்சோடு சேர்த்துப் பிசைந்து, சிறு பீங்கான் செப்பில் வைத்திருப்பர். நூற்றாண்டுகள் சென்றாலும் அந்நிறம் எளிதில் மங்குவதில்லை. வெட்டியவர் தம் பெயரையும், எந்த ஆண்டில் யாருக்காக வெட்டினார் என்பதையும் கல்லின் பக்கத்திலே சிறு எழுத்தாற் பொறிப்பர். தாளிற் பதியாத அவ்வெழுத்து, கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு மட்டும் உரியது.

1904 ஆம் ஆண்டில் ஹாங்சோ மேற்கேரிக் கரையிலே சீலிங் முத்திரைக் கழகம் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஊ சாங்ஷோ (1844-1927), பழைய கல்முரசங்களில் வெட்டப்பட்ட எழுத்தை வாழ்நாள் முழுதும் எழுதியெழுதிப் பழகியவர். இக்கலையையும் எழுத்தணிக்கலையையும் யுனெஸ்கோ நிறுவனம் 2009 ஆம் ஆண்டிலே மனித இனத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. 2008 ஆம் ஆண்டு பீக்கிங் ஒலிம்பிக் விழாவின் சின்னமும் ஒரு சிவப்பு முத்திரையின் வடிவிலேயே அமைந்திருந்தது.

இவர்கள் எல்லாரினும் நம் மனத்தைப் பிணித்தவர் சீ பைஷி (1864-1957). ஊனான் மாநிலத்து ஏழைக் குடியானவரின் மகன் அவர். சிறு பிராயத்திலே உடல் நலிந்திருந்தமையால் வயல்வேலைக்கு ஆகார் என்று தச்சு வேலைக்கு விடப்பட்டார். கட்டிலும் அலமாரியும் செதுக்கிய கை அது. முத்திரை வெட்டக் கற்க விரும்பி ஒரு நண்பரிடம் வழி கேட்டபோது, மலையடிவாரத்திலிருந்து ஒரு சுமை கல்லைக் கொண்டுவந்து, வெட்டுவதும் தேய்ப்பதுமாக இருந்து, அக்கல் முழுவதும் சேறாகி மூன்று நான்கு பலகாரப் பெட்டிகளை நிரப்பினால் வேலை கைவரும் என்றாராம் அந்நண்பர். சீ பைஷி அதை வேடிக்கையாகக் கொள்ளவில்லை, அவ்வாறே செய்தார். வீட்டில் உலர்ந்த இடமின்றி எங்கும் கற்சேறு பரவிற்று என்று அவர் பின்னர் கூறியிருக்கின்றார். பிற்காலத்தில் அவர் ஒரு கோட்டுக்கு ஒரே வெட்டு என்ற முறையைக் கைக்கொண்டார். கோட்டின் ஒருபுறம் வாள்போல நேராகவும், மறுபுறம் கல் தெறித்துப் பிளவுபட்டும் நிற்கும். திருத்தம் கிடையாது.

புகழ் பெற்றபின் அவர் தமக்கென வெட்டிக்கொண்ட முத்திரைகளைக் கவனிக்கவேண்டும். ஒன்றிலே 'மர மனிதன்' என்று பொறித்தார். மற்றொன்றிலே, சீனத் தச்சர் தம் தொழிற்குல முதல்வராகப் போற்றும் லூ பானின் வாயிலைச் சேர்ந்தவன் என்று பொறித்தார். கற்றோர் அவையிலே தச்சன் என்று இகழ்ந்தோரும் இருந்தனர். அவர் அதை மறைக்க முயலவில்லை. அச்சொல்லையே கல்லில் வெட்டிச் சாதிலிங்கத்தில் தோய்த்துத் தம் ஓவியங்களின் மீது பதித்தார்.

நம்மவர் பொறிகளை இனி நோக்குவோம். புகார்த் துறைமுகத்திலே ஏற்றுமதிப் பண்டங்களின் மேற் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலே 1980 ஆம் ஆண்டில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழியொன்றில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஒரு வெண்கல முத்திரையைக் கண்டனர். அதில் இரண்டு வரிகள்: ஒன்றிற் குறியீடுகள், மற்றொன்றிற் பிராமி எழுத்து. அதைக் 'கோவேத' என்று படித்தவர் உளர். பாடம் பற்றி வேறு கருத்துகளும் உள. எப்படியாயினும், 'கோ' என்று தொடங்கும் அச்சிறு பொறி, விரலிலே அணிந்த ஒருவரோடு மண்ணுக்குள் சென்று ஈராயிரம் ஆண்டுக்கு மேல் உறங்கியது.

சோழர் செப்பேடுகளின் முத்திரை இன்னும் சிறந்தது. 1905 ஆம் ஆண்டிலே கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 31 ஏடுகள் உள. ஏடுகளின் துளைவழியே ஒரு தடித்த செப்பு வளையத்தைக் கோத்து, அதன் இரு முனையையும் ஒரு வட்ட முத்திரையாற் பொருத்தினர். அமர்ந்த புலி, பக்கத்தே பாண்டியரின் இரு கயல், சேரரின் வில், மேலே வெண்கொற்றக்குடை, இருபாலும் கவரி, விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் இராசேந்திரசோழனின் ஆணை. வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை நீக்கவும் இயலாது, சேர்க்கவும் இயலாது. சீனர் முடிச்சின்மேல் அப்பிய களிமண் செய்த அதே காவலை, சோழர் செம்பினாற் செய்தனர். வியப்புக்குரியது யாதெனின், சோழர் தூதுக்குழு சீன அரசவைக்குச் சென்றதும் அக்காலத்திலேதான்: 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில். ஒருவர் முத்திரையை மற்றவர் கையிலெடுத்துப் பார்த்திருப்பர் என எண்ணுதல் தவறாகாது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம்மிடம் முத்திரை அரசனுடையதாகவும், கோயிலுடையதாகவும், வணிகக் குழுவினுடையதாகவுமே பெரும்பாலும் நின்றது. செப்பேட்டைப் பொறித்தவன் தன் பெயரை இறுதி வரியிற் சேர்த்ததுண்டு, அவ்வளவே. சீனத்திலோ அரசன் கையிலிருந்த முத்திரை கற்றோர் கைக்கு வந்து, இறுதியில் ஒரு தச்சன் கைக்கும் வந்தது.

மலைநாட்டில் வாழும் நாம் இதனை வாளா கடந்துபோதல் இயலாது. 1901 ஆம் ஆண்டிலே, தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட நம் முன்னோர்க்கு ஒரு தகர டிக்கட் முறை ஏற்படுத்தப்பட்டது. சிறு தகர வில்லையிலே தோட்டத்துக்குரிய இலக்கமும், ஆளுக்குரிய இலக்கமும் அடிக்கப்பட்டிருக்கும். அதைக் கயிற்றிற் கோத்துக் கழுத்திற் கட்டிக்கொண்டு வந்தனர். எந்தத் தோட்டத்துக்கு ஆளை அனுப்புவது, வழிச்செலவை யார் கணக்கில் எழுதுவது என்பனவற்றை அவ்வில்லை கூறும். அணிந்தவரின் பெயரை அது கூறாது. சீனத்து அதிகாரி இடையிற் கட்டிய முத்திரையும் கயிற்றிற் கோத்த உலோகமே. இதுவும் கயிற்றிற் கோத்த உலோகமே. அது அணிந்தவன் பிறர்மேற் பதிப்பது. இது பிறர் அணிந்தவன்மேற் பதித்தது.

'துண்டு' என்ற தாளும் இருந்தது. இன்னார் இவ்வளவு கடன்பட்டுள்ளார், அதைத் தீர்த்தால் விடுவிப்போம் எனத் துரை கையொப்பமிட்ட சீட்டு அது. அதன் பேரிலே மனிதர் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கின்றது என்பதைத் தானே படிக்க இயலாதவர் பலர். அம்முறை 1921 ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிற்காலத்தும் சம்பள நாளிலே மேசையின் முன் நின்றவர்க்குரியது கைநாட்டு. பெருவிரலை மையில் ஒற்றி எடுப்பதும் ஒரு முத்திரைதான். அதனினும் உண்மையான முத்திரை உலகில் இல்லை. ஆனால் அதை வைத்தவர்க்கு அது தரும் பெருமை யாதுமில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறப்பைக் காட்டும் சான்று கேட்டபோது, அவர்களிற் பெரும்பாலோரிடம் காட்டுவதற்கு முத்திரையிட்ட தாள் இருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அக்குறை முற்றாகத் தீரவில்லை. ஏலச்சந்தைக்குச் செல்லும் தேயிலைப் பெட்டியிலோ, முன்னாளிற் பலகையிலும் இந்நாளிற் காகிதச் சாக்கிலும், தோட்டத்தின் பெயர் தெளிவாக, பெரிய எழுத்தில், தவறாமற் பொறிக்கப்படுகின்றது.

பழைய மாணவர் சிலர், இவற்றையெல்லாம் இம்மலரில் ஏன் கிளற வேண்டும் என்று வினவக்கூடும். சீ பைஷியின் தச்சன் முத்திரை இல்லையேல் நாமும் கிளறியிரோம். கொழுந்து பறித்த கையின் பேரனும் பேத்தியும் இன்று நம் கல்லூரிப் பதிவேட்டிலே தம் பெயரைத் தாமே எழுதுகின்றனர். அப்பெயரை ஒரு முறையேனும் கல்லில் வெட்டிப் பார்க்கட்டும் என்பதே நம் விருப்பம். சித்திர ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினாற் போதும்.

மாக்கல் கிடைத்தால் நன்று. கிடையாவிடத்து, தடித்த அழிறப்பரே தொடக்கத்துக்குப் போதும். பெரிய ஆணியொன்றின் நுனியைத் தட்டிப் பட்டையாக்கி அரத்தால் அராவினால் உளியாகும். உளியைத் தன்பக்கம் இழுத்து வெட்டலாகாது. கல்லைப் பிடித்த விரல்கள் உளியின் வழியில் நிற்கலாகாது. சாதிலிங்கத்தில் இரசம் கலந்திருத்தலால் அதை மாணவர் கையாளுதல் தகாது. அலுவலகங்களிற் பயன்படும் சிவப்பு முத்திரை மையே அமையும்.

தமிழ்ப் பெயரை வெட்டுவோர் முதலில் இடர்ப்படுவது கொம்பிலும் காலிலும். 'கோ' என்பதில் இரட்டைச் சுழிக் கொம்பு கல்லில் வலப்புறமும், கால் இடப்புறமும் நிற்கவேண்டும். எழுத்துகளின் வரிசையும் வலமிருந்து இடமாகத் திரும்பும். 'ப' ஒன்றுதான் திருப்பினாலும் ஏறத்தாழ அதுவாகவே நிற்கும் நல்லெழுத்து. பழனி, பார்வதி முதலிய பெயருடையோர்க்கு முதலெழுத்திலே தொல்லையில்லை. 'ட' இடம்வலம் மாறிவிடும். 'ழ' கையை நன்றாகச் சோதிக்கும். சீன எழுத்துச் சதுரத்துள் அடங்குவது; தமிழ் எழுத்தோ மேலே விசிறியும் கீழே சுழியுமாகச் சதுரத்தை மீற முயல்வது. அதை அடக்க முயன்று, சுழியை வெட்டிக் குறைத்தால் எழுத்துக் கெடும். நாம் முயன்று பார்த்தவரையில், உயரமான நீள்சதுரமே தமிழுக்குப் பொருந்துகின்றது. தஞ்சைப் பெருங்கோயிலின் அடித்தளத்தில் இராசராசன் காலத்துக் கல்தச்சர் வெட்டிய எழுத்தின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நலம். அவர்கள் வளைவை ஒரே மூச்சில் வெட்டியதுபோலத் தோன்றும். உற்று நோக்கினால் சிறுசிறு கொத்துகள் தெரியும்.

முதல் முயற்சியிலே எழுத்துத் திரும்பித்தான் விழும். தேய்தாளில் அம்முகத்தைத் தேய்த்துவிட்டு மீண்டும் வரைக. பதிவு செவ்வனே வந்தபின், கல்லின் பக்கத்திலே ஆண்டையும், வெட்டியவர் பெயரையும், வலப்பனை என்பதையும் சிறு எழுத்தாற் பொறிக்கவேண்டும். அப்பக்கம் தாளிற் படிவதில்லை. ஆதலால் அவ்வெழுத்தைத் திருப்பாமல் நேராகவே வெட்டுக.